வாக்கி டாக்கிக்குக் கேபிள் தேடிய ஐப்பசி

தங்கை வீட்டுக்காரர் உரச்சாக்கைத் தூக்கி என் கடை மேசை மேல் கவிழ்த்தார். நான்கு வாக்கி டாக்கிகள் விழுந்தன. ஒன்று உருண்டு போய் லேமினேஷன் மெஷினில் முட்டிக்கொண்டு நின்றது. வருமானச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வந்து உட்கார்ந்திருந்தவர்கள் என்னமோ ஏதோவென்று எழுந்துகொண்டார்கள். கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஜெராக்ஸும் ஆன்லைன் விண்ணப்பமும் பார்க்கிற சின்னக் கடை என்னுடையது. இந்த மாதிரிச் சரக்கு அங்கே வந்து இறங்கியதில்லை.

அவர் கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு லோடு ஏற்றிக்கொண்டு சின்னசேலம் பக்கத்தில் ஒரு ஜவ்வரிசி மில்லுக்குப் போவார். மில்லில் எல்லாரும் செல்போனுக்கு மாறிவிட்டதால் பழைய செட்டுகளைக் கழித்துவிட்டார்களாம். சார்ஜரோடு கேட்டு வாங்கி வந்திருந்தார். மேலே ஊரில் இது வேலை செய்யுமா என்று கேட்டார். மூக்குக்கு மேல் கோபம் வருகிறவள் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. அன்றைக்கு வரவில்லை. எதற்காகக் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். தங்கைக்கு அப்போது ஏழாம் மாதம்.

அவர்கள் ஊர் மலையில் ஒரு சரிவில் இருக்கிறது. எதிர்ச் சரிவில் தார் ரோடு வந்து முடிகிறது. ரோட்டு முனையில் நின்றால் தங்கை வீட்டுத் தகரக் கூரை தெரியும். வாசலில் நிற்பது யார் என்று சேலை நிறத்தை வைத்தே சொல்லிவிடலாம். நடந்து போவதென்றால் இறங்கி ஏற ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நடுவில் ஓடை. செல்போன் டவர் கிடையாது. ஊருக்கு மேலே ஒரு பாறையில் ஏறி நின்றால் சில நாள் சிக்னல் ஒரு கோடு காட்டும். மழை நாளில் அதுவும் காட்டாது.

ஓடையில் கோடையில் கணுக்கால் கூட நனையாது. மேலே மழை பிடித்துக்கொண்டால் கொஞ்ச நேரம்தான், அப்புறம் ஜீப் இறங்க முடியாது. அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் ரோட்டு முனைக்குச் சேதி வந்துவிட்டால் ஜீப் ஓடையைத் தாண்டிப் போய் ஆளை ஏற்றிக்கொண்டு திரும்பிவிடும். போன முறை வரவில்லை. எட்டாம் மாதம், வளைகாப்புக்கு நாங்கள் நாள் பார்த்துக்கொண்டிருந்தபோதே அவளுக்கு வலி வந்துவிட்டது. ஆள் ஓடி வந்து சொல்லி, ஜீப் ஓடைக்கரைக்குப் போனபோது தண்ணீர் ஏறியிருந்தது. அது வடிந்து அக்கரைக்குப் போனபோது எல்லாம் முடிந்திருந்தது. குழந்தை அழவில்லை. அதற்குப் பிறகு தங்கை என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னது இந்த ஒன்றைத்தான்.

"அது அழுவவே இல்லக்கா. நான் காத வச்சிக்கினு கேட்டுக்கினே இருந்தேன்."

இந்த முறை என் வீட்டுக்கு வந்து இருந்துவிடு என்று கெஞ்சினேன், திட்டினேன். எங்களுக்கு அம்மா இல்லை. தாய்வீடு என்றால் நான்தான். அவள் கேட்கவில்லை. சாமை அறுப்பு இருக்கிறது, மாமியாருக்கு முட்டி வலி, ஆட்டை யார் பார்ப்பது என்று வரிசையாகச் சொன்னாள். ஒன்பதாம் மாதம் பிறந்ததும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே வந்து தங்கிக்கொள்ளலாம் என்று நர்சம்மா சொல்லியிருக்கிறார், அதற்குக் கட்டாயம் போகிறேன் என்றாள். எனக்கு ஒன்பதைப் பற்றிக் கவலையில்லை. எட்டைப் பற்றித்தான்.

ஆகவே வாக்கி டாக்கியைக் கையில் எடுத்தேன். அவற்றுக்குத் திரை கிடையாது. தலையில் இரண்டு திருகுகள். பக்கவாட்டில் பேசுவதற்கு ஒரு பெரிய பட்டன், அதற்குக் கீழே எதற்கென்று தெரியாத ஒரு சின்ன பட்டன். உள்ளே மில்லுக்குக் கொடுத்த அலைவரிசை ஏறியிருந்தது. அதில் நாம் பேசுவது சட்டப்படி தப்பு. உரிமம் வாங்காமலே குறைந்த சக்தியில் பேசிக்கொள்ள ஒரு அலைவரிசை ஒதுக்கியிருக்கிறார்கள் என்று தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன். போலீஸ் என் கடை வாசலில் வந்து நிற்பதை நான் விரும்பவில்லை. அந்த அலைவரிசைக்கு மாற்ற வேண்டுமென்றால் செட்டைக் கம்ப்யூட்டரோடு இணைக்க வேண்டும். இணைக்க ஒரு கேபிள் வேண்டும். கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது இங்கேதான்.

செட்டின் இடுப்பில் ஒரு ரப்பர் மூடி இருக்கிறது. தூக்கினால் கீழே இரண்டு துளைகள், ஒன்று பருமன், ஒன்று சன்னம். அதைக் காட்டி ஊரில் இருக்கிற செல்போன் கடைகளில் ஏறி இறங்கினேன். ஒருவர் இயர்போன் ஒயரை எடுத்து நீட்டினார். இன்னொருவர் சார்ஜர் கேபிளே போதும் என்று சத்தியம் செய்தார். கேமரா மாட்டித் தருகிற கடைக்காரர் செட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சேலத்துக்கு அனுப்பினால் ஒருவேளை நடக்கும் என்றார். அனுப்பினால் எப்போது வரும் என்று கேட்டேன். அதை அவரால் சொல்ல முடியவில்லை.

இன்டர்நெட்டில் தேடினால் தலை சுற்றியது. கறுப்பாக, ஒரே மாதிரி, ஒரு முனையில் யுஎஸ்பி, மறுமுனையில் இரண்டு ஊசி. படத்தில் பார்த்தால் எல்லாம் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். விலை மட்டும் டீயும் பஜ்ஜியும் சாப்பிடுகிற காசிலிருந்து நல்ல சேலை எடுக்கிற காசு வரைக்கும் ஏறிக்கொண்டே போனது. இரண்டு மூன்று நாள் வேலையை விட்டுவிட்டுப் படித்த பிறகுதான் வித்தியாசம் புரிந்தது. யுஎஸ்பி முனைக்கு உள்ளே ஒரு சிப் இருக்கிறது. கம்ப்யூட்டர் பேசுவதை வாக்கி டாக்கிக்குப் புரிகிற மாதிரி மாற்றிச் சொல்வது அதுதான். மலிவான கேபிள்களில் போலி சிப். புதிய கம்ப்யூட்டர்கள் போலியைக் கண்டுபிடித்து உள்ளே விடுவதில்லை. இதை வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்க வழியே இல்லை. வாங்கியவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்தேன். ஒருவர் ஐந்து நட்சத்திரம் போட்டு, பார்சல் அழகாகக் கட்டி வந்தது என்று எழுதியிருந்தார். கேபிளைச் செருகிப் பார்த்தாரா இல்லையா என்பதை எழுதவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நல்ல சிப் வைத்த கேபிள் ஒன்று இருந்தது. தேதி போட்டிருந்தார்கள். அது வந்து சேர ஐப்பசி பாதி போய்விடும். மலிவானது இரண்டு நாளில் கடை வாசலுக்கு வரும் என்றது. தங்கை வீட்டுக்காரரிடம் யோசனை கேட்டேன். ஒயருதானக்கா, எதுவா இருந்தா இன்னா என்றார். ஒயருக்குள் என்ன இருக்கிறது என்று படித்துக் கண் சிவந்தவளிடம் இப்படிச் சொன்னால் எப்படி இருக்கும்? ஆனால் கடை மாடியில் ஏறி மேற்கே பார்த்தேன். மலை மேல் மேகம் உட்கார ஆரம்பித்திருந்தது. மழை என் கேபிளுக்காகக் காத்திருக்கப் போவதில்லை. மலிவானதற்கே ஆர்டர் போட்டேன். அவசரத்துக்கு அண்டாவிலும் கை நுழையாது என்று சும்மாவா சொன்னார்கள்.

சொன்னபடி வந்தது. என் லேப்டாப்பில் செருகினேன். மஞ்சள் முக்கோணம் போட்டுக் கதவைச் சாத்திக்கொண்டது. போலிதான். எடைக்குப் போட வைத்திருந்த பழைய கம்ப்யூட்டரைத் தூசு தட்டி, மூலையில் உட்கார வைத்து, அதில் செருகிப் பார்த்தேன். அது கிழட்டுக் கம்ப்யூட்டர், போலியும் நிஜமும் அதற்குத் தெரியவில்லை. ஏற்றுக்கொண்டது. அடுத்த வம்பு, ஊசி முழுசாக உள்ளே இறங்கவில்லை. பிளக்கின் தோள்பட்டை செட்டின் விளிம்பில் இடித்தது. பிளேடால் ரப்பரைச் சீவிச் சீவி உள்ளே தள்ளினேன். திரையில் மில்லின் அலைவரிசைகள் வரிசையாக வந்து நின்றபோது எனக்கு வியர்த்துவிட்டது.

முதல் செட், புதிய அலைவரிசையை உள்ளே எழுதி முடித்ததும் கீச்சென்று ஒரு சத்தம் கொடுத்தது. இரண்டாவதும் கொடுத்தது. இரண்டுக்கும் பொதுவாக ஒரு அடையாள ஒலியையும் வைத்தேன். காதுக்குக் கேட்காத ஒலி அது. அது கூட வந்தால்தான் எதிர்ச் செட் வாய் திறக்கும். இல்லாவிட்டால் இடிக்கும் மின்னலுக்கும் கரகரவென்று கத்திக்கொண்டே இருக்கும், கேட்கிறவர் வெறுத்துப் போய் அணைத்து வைத்துவிடுவார். தங்கை வீட்டுக்காரர் ஒன்றை எடுத்துக்கொண்டு பேருந்து நிலையத்துக்கு ஓடினார். பஸ் ஹாரனுக்கு நடுவே அவர் குரல் தெளிவாக வந்தது. கடையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். மூன்றாவது செட்டை எடுத்தேன். எவ்வளவு எழுதியாயிற்று என்று திரையில் காட்டுகிற கோடு பாதியில் நின்றுவிட்டது. விளக்கு சிவப்பாகவே எரிந்தது. அணைத்துப் போட்டால் வெறும் கீச்சுச் சத்தம்தான், சேனல் எதுவும் இல்லை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. நான்காவதைத் தொட எனக்குத் தைரியம் வரவில்லை.

இருக்கிற இரண்டை எடுத்துக்கொண்டு கச்சிராயபாளையம் வழியாக மலைக்குப் பஸ் ஏறினோம். ஒன்று தங்கை வீட்டில் இருக்க வேண்டும். மற்றது ரோட்டு முனையில் ஜீப்பில் இருக்க வேண்டும். ஜீப் ஓட்டுகிறவர் தங்கையின் மூத்தார், அதாவது அவள் வீட்டுக்காரரின் அண்ணன். மனைவி கர்நாடகத்துக் காப்பித் தோட்டத்துக்கு வேலைக்குப் போய்விட்டதால் ரோட்டு முனையிலேயே டீக்கடைக்குப் பக்கத்தில் ஒரு அறை போட்டு இருந்தார். அதிகம் பேசாதவர். போன முறை தண்ணீர் வடிகிற வரைக்கும் ஓடைக்கரையில் நின்றிருந்தவரும் அவர்தான். செட்டைக் கையில் கொடுத்ததும் துண்டால் துடைத்து, ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் கம்பி வைத்துக் கட்டினார். மழைக்காலம் முடிகிற வரை வெள்ளிமலைக்கு அப்பால் சவாரி போகப் போவதில்லை என்று தம்பியிடம் சொன்னாராம்.

தங்கை வீட்டு வாசலில் நின்று எல்லாரும் பேசிப் பார்த்தார்கள். சத்தம் கண்ணாடி மாதிரி வந்தது. மாமியார் போட்ட கூச்சலுக்கு வாக்கி டாக்கியே தேவையில்லை, சும்மாவே எதிர்ச் சரிவுக்குக் கேட்டிருக்கும். கடைசியில் தங்கையிடம் நீட்டினேன். அவள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த வீட்டில் மருமகள் மூத்தாரோடு பேசக் கூடாது. பாதையில் எதிரே வந்தால் ஒதுங்கி நின்று அவர் போன பிறகு நடக்க வேண்டும். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் அவரிடம் ஒரு வார்த்தை நேராகப் பேசியதில்லை, அவரும் இவளிடம் பேசியதில்லை. சாப்பிடக் கூப்பிட வேண்டுமானால் சுவரைப் பார்த்து, சோறு ஆறிப் போகுது என்பாள். அவர் ஆட்டுக்குட்டியைப் பார்த்து, இப்ப வேணாம் என்பார். சிப் என்ன, அலைவரிசை என்ன என்று எல்லாம் படித்த நான், அதே மலையில் பிறந்தவள், இதை யோசிக்கவே இல்லை. அவர்களும் யோசிக்கவில்லை. பேசுகிற கருவியைக் கொண்டுபோய் அவளால் பேசவே முடியாத ஒரு ஆளிடம் கொடுத்துவிட்டு எல்லாரும் சந்தோஷமாக நின்றுகொண்டிருந்தோம்.

"செவுத்தப் பாத்துச் சொல்றியே, அப்டி நெனச்சிக்கினு பேசேன்" என்றேன்.

"செவுத்துகிட்ட சொன்னா செவுருதான்க்கா கேக்கும். இது நேரா அவரு காதுல போயி வுழுதே."

உயிர் பெரிசா முறை பெரிசா என்று கத்தினேன். மாமியார் குறுக்கே வந்து, நாங்கள் இத்தனை பேர் இல்லையா, அவளை எதற்குப் பேசச் சொல்கிறாய் என்றார். இத்தனை பேரும் பொழுது விடிந்தால் சாமைக் காட்டில். மகன் வாரத்தில் பாதி நாள் கிழங்கு லோடோடு கீழே. வீட்டில் இருக்கப் போவது வயிற்றுப் பிள்ளைக்காரி ஒருத்திதான். அவள் கையைப் பிடித்து இழுத்துச் செட்டைத் திணித்தேன். பெரிய பட்டனை அழுத்தினாள். வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. பட்டனை விட்டுவிட்டாள். எதிர்ப்புறத்திலிருந்து யாரு, யாரு என்று அவர் குரல் கேட்டது. அவள் செட்டை என் மடியில் போட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடிப் போனாள். ஒன்றுமில்லை அண்ணே, தங்கச்சிதான் அழுத்திப் பார்த்தது என்று நான் பதில் சொன்னேன்.

திரும்பும்போது ரோட்டு முனையில் அவரிடமே போய், நீங்களாவது சொல்லுங்கள், பேசினால் தப்பில்லை என்று சொல்லி அனுப்புங்கள் என்றேன். அவர் ஜீப் டயரைப் பார்த்தபடி, "அது பேசாதும்மா" என்றார். அவ்வளவுதான். அவர் மேலும் எனக்குக் கோபம் வந்தது.

பஸ்ஸில் மலை இறங்கி வரும்போது அந்தச் சின்ன பட்டன் நினைவுக்கு வந்தது. கம்ப்யூட்டரில் எழுதும்போது, அந்தப் பட்டனுக்கு என்ன வேலை கொடுப்பது என்று ஒரு கட்டம் இருந்ததே, அதில் சைரன் என்று ஒரு தேர்வும் இருந்ததே. அதைப் போட்டுவிட்டால் அவள் வாயே திறக்க வேண்டாம். இங்கே அழுத்தினால் அங்கே ஊளையிடும். என்னால் உட்கார முடியவில்லை. வீட்டுக்கு வந்ததும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பழைய கம்ப்யூட்டரை மலைக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது. லேப்டாப் இந்தக் கேபிளை ஏற்காது. தங்கை வீட்டுச் செட்டைக் கீழே கொண்டுவந்தால், அது இங்கே இருக்கிற நாளில் வலி வந்தால் என்ன செய்வது? கொண்டுவந்தாலும் மூன்றாவதைக் கொன்ற கேபிள் இதைக் கொல்லாது என்று யார் சொல்ல முடியும்? முதலிலேயே வாங்கியிருக்க வேண்டிய நல்ல கேபிளுக்கு அன்றைக்கு ஆர்டர் போட்டேன்.

அதற்குப் பிறகு என் பிழைப்பு செல்போனைப் பார்ப்பதாகிவிட்டது. பார்சல் கிளம்பிவிட்டது என்று காட்டியது. சென்னைக்கு வந்தது. விழுப்புரத்துக்கு வந்து அங்கேயே படுத்துக்கொண்டது. கடலோரத்தில் நல்ல மழை, வண்டிகள் தாமதம் என்றார்கள். தங்கைக்கு எட்டு பிறந்துவிட்டது. அவள் வீட்டுக்காரர் பாறையில் ஏறி எனக்குப் போன் செய்வார். வராத நாளில் நான் சோற்றைத் தொடமாட்டேன். விண்ணப்பங்களில் பிறந்த தேதியைத் தப்பாக அடித்துக் கொடுத்துவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன். கேபிள் விற்றவனை, பார்சல் வண்டியை, சாமையை, மாமியார் முட்டியை, எல்லாவற்றையும் மனசுக்குள் திட்டினேன். மனசுக்கு அடியில் பயம் மட்டும்தான் இருந்தது.

ஒருநாள் காலையில் பார்சல் வந்தது. லேப்டாப்பில் செருகினேன். முக்கோணம் இல்லை, முறைப்பு இல்லை, உடனே ஏற்றுக்கொண்டது. செத்துக் கிடந்த மூன்றாவது செட்டை மாட்டி எழுதினேன். கோடு நிற்காமல் ஓடி முடிந்தது. சின்ன பட்டனுக்குச் சைரன் வைத்தேன். அழுத்தியதும் செட் போட்ட அலறலில் பக்கத்துக் கடைக்காரர் ஓடி வந்தார். லேப்டாப்பைப் பாலித்தீன் பையில் சுற்றி, கேபிளையும் அந்தச் செட்டையும் எடுத்துக்கொண்டு, கடையை அப்படியே பூட்டிவிட்டுப் பஸ் ஏறினேன்.

கச்சிராயபாளையம் தாண்டியதும் மழை பிடித்தது. மலை ஏற ஏற வலுத்தது. ரோட்டு முனையில் போய் இறங்கியபோது எதிர்ச் சரிவே இல்லை. எல்லாம் வெள்ளையாக இருந்தது. ஜீப்பும் இல்லை. டீக்கடைக்காரர் ஒரு கிளாஸைக் காட்டினார். பாதி டீ அப்படியே இருந்தது. ஜீப்பில் இருந்த செட் இரண்டு தரம் உஸ்ஸென்றதாம். யாரும் பேசவில்லையாம். மூத்தார் கிளாஸை வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு ஓடைப் பக்கம் இறங்கிவிட்டாராம். காற்றுக்கு ஏதோ சத்தம் வந்திருக்கும், இதற்குப் போய் இந்த மழையில் இறங்குகிறாரே என்று டீக்கடைக்காரர் அலுத்துக்கொண்டார்.

என் பையில் இருந்த செட்டைப் போட்டு, யாரு, பேசுங்க என்று கூப்பிட்டேன். கீழே ஓடையின் இரைச்சல் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்துகொண்டே வந்தது. டீக்கடைக் கூரைக்கு அடியில் நல்ல கேபிளை வைத்துக்கொண்டு நின்றேன். அதனால் ஆகப் போவது ஒன்றும் இல்லை. போன முறை நான் கள்ளக்குறிச்சியில் இருந்தேன், சேதியாகத்தான் கேட்டேன். இந்த முறை அந்தத் தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றேன். எந்தச் சாமியைக் கூப்பிட்டேன் என்று எனக்கே தெரியாது.

கடைசியில் வெள்ளைக்குள்ளிருந்து இரண்டு மஞ்சள் வெளிச்சங்கள் மேலே ஏறி வந்தன. சக்கரத்துக்கு மேல் வரை சேறு. பின்னால் தங்கை, பக்கத்து வீட்டுப் பெண்ணின் மடியில் தலை வைத்துக் கிடந்தாள். நான் ஏறியதும் என் கையைப் பிடித்தவள் விடவில்லை. சுகாதார நிலையத்தில் பார்த்துவிட்டு, ஆம்புலன்ஸில் கள்ளக்குறிச்சி அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அவர் ஜீப்பை எங்களுக்குப் பின்னாலேயே ஓட்டி வந்தார். பொழுது சாய்வதற்குள் குழந்தை பிறந்துவிட்டது. எடை போதாது என்று உடனே கண்ணாடிப் பெட்டிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அழுததா என்று நர்சிடம் கேட்டேன். முனகியது என்றார். முனகியது என்றால் என்ன அர்த்தம் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

வெளியே வந்தேன். அவர் புங்க மரத்தடியில் ஜீப்பில் சாய்ந்து நின்றிருந்தார். சொன்னேன். தலையை ஆட்டினார். சத்தம் கேட்டதும் உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

"யாருன்னு கேட்டேன், பேசல. மறுக்காவும் அழுத்துச்சு, அப்பவும் பேசல" என்றார். "அந்த வூட்டுல பேசாம அழுத்துறது ஒரு ஆளுதானம்மா."

அவர் உள்ளே வரவில்லை. குழந்தையைப் பார்க்காமலே மலைக்குத் திரும்பிப் போனார்.

கண்ணாடிப் பெட்டி நாட்களைப் பற்றி எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை. குழந்தை வெளியே வந்த பிறகும் என் வீட்டில் அதை யாரும் சத்தமாகக் கொஞ்சவில்லை, கண் பட்டுவிடுமோ என்ற பயம். மெல்ல மெல்லச் சதை பிடித்தது. தை பிறந்து பனி குறைந்த பிறகு மலைக்கு அழைத்துப் போனோம். ரோட்டு முனையில் அவர் ஜீப்போடு காத்திருந்தார். வழி நெடுக குழந்தை துண்டுக்குள் தூங்கிக்கொண்டே வந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. இவளும் குழந்தையை முன்பக்கம் காட்டவில்லை. ஓடை காய்ந்து கிடந்தது.

தங்கை வீட்டுச் செட்டை லேப்டாப்பில் மாட்டிச் சின்ன பட்டனுக்குச் சைரன் வைத்தேன். இனி நீ ஊமையாகவே இரு, இதை அழுத்தினால் போதும் என்றேன். அவள் சரி என்று தலையாட்டினாள். பிறகு அதே ஜீப்பில் ரோட்டு முனைக்கு வந்தேன். அவருடைய செட்டிலும் மாற்ற வேண்டும். டீக்கடை பெஞ்சில் லேப்டாப்பை விரித்தேன். அவர் கம்பியை அவிழ்த்துச் செட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். என்ன செய்யப் போகிறேன் என்று விளக்கினேன். கேட்டுக்கொண்டார். வச்சிக்கலாம், நல்லதுதான் என்றார்.

ரப்பர் மூடியைத் தூக்கி ஊசியைச் செருகப் போனேன். செட்டில் பச்சை விளக்கு எரிந்தது. உஸ்ஸென்று திறந்துகொண்டது. யாரும் பேசவில்லை.

கேபிளைக் கீழே போட்டேன். அவர் அதற்குள் ஜீப்புக்குப் போய்ச் சாவியைத் திருகியிருந்தார். இப்போதுதானே விட்டுவிட்டு வந்தோம், அதற்குள் என்ன என்று எழுந்தேன்.

அப்போது குழந்தை அழுதது. செட்டுக்குள்ளிருந்து, தொண்டை கிழிய, பசியும் கோபமுமாக ஒரு அழுகை. மூச்சு வாங்கிவிட்டு மறுபடி அழுதது. நடுவில் அவள் குரல் ஒரு வார்த்தை கூட இல்லை. பட்டனை அழுத்தி அதன் வாய்க்கு நேரே பிடித்திருக்கிறாள். டீக்கடைக்காரர் பாய்லருக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். எதிர்ச் சரிவில், தகரக் கூரைக்கு முன்னால், தங்கையின் பச்சைச் சேலை தெரிந்தது.

அவர் வண்டியை அணைத்துவிட்டு வந்து என் கையிலிருந்து செட்டை வாங்கிக்கொண்டார். அழுகை நின்று விளக்கு அணைகிற வரை காதருகே வைத்திருந்தார். என் பக்கம் முகத்தைக் காட்டவில்லை. பிறகு பெரிய பட்டனை அழுத்தி, கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருந்து, எதுவும் பேசாமல் விட்டார்.